உதிரிக் காசா, ஸ்லாப் காசா? – வாசகர் கேள்வி பதில்

சேகரிப்பு நாணயங்களை எப்போது உதிரியாக வாங்கலாம், எப்போது கிரேடிங் நிறுவனத்தின் சான்றோடு, அதாவது அவர்கள் ஆராய்ந்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிய 'ஸ்லாப்' காசாகத்தான் வாங்க வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நாணயம் சேர்க்கத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஸ்லாபில் அடைத்த காசைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார் ஒரு நண்பர். பிளாஸ்டிக் பெட்டிக்கு எதற்குப் பணம் கொடுக்கிறாய் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரும் ஒரே காசை மனதில் வைத்துப் பேசவில்லை, அதுதான் விஷயம். முதல் நண்பர் விலை உயர்ந்த, போலி அதிகம் புழங்கும் காசுகளை வாங்குபவராக இருப்பார். இரண்டாமவர் பழகித் தேய்ந்த, எல்லா இடத்திலும் கிடைக்கிற காசுகளை ஆல்பத்தில் வரிசையாக நிரப்புபவராக இருப்பார். அவரவர் சேகரிப்புக்கு அவரவர் சொல்வது சரி.

ஸ்லாப் நமக்கு என்ன தருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 1986-ல் செயல்படத் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987-ல் வந்த என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் காசை ஆராய்ந்து இரண்டு கேள்விக்குப் பதில் சொல்கின்றன: இது அசல்தானா, இதன் நிலை என்ன. நிலையை 1 முதல் 70 வரையிலான எண்ணில் சொல்கிறார்கள். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்க சென்ட் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் அது, பிறகு எல்லாக் காசுக்கும் பரவிவிட்டது. இதில் 60-ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே வராத காசு என்று பொருள். எண் கொடுத்த பிறகு காசைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி முத்திரை வைத்துவிடுவார்கள், கூடவே ஓர் உத்தரவாதமும் உண்டு: பின்னால் அது போலி என்றோ, எண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்றோ தெரியவந்தால், அவர்களுடைய நிபந்தனைகளுக்கு உட்பட்டு இழப்பீடு தருவார்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற பணம் இந்த உத்தரவாதத்துக்குத்தான், பெட்டிக்கு அல்ல.

அப்படியானால் அந்த உத்தரவாதம் எனக்குத் தேவையா என்பதுதான் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நான் மூன்று விஷயம் பார்ப்பேன். இது போலியாகவோ பாலிஷ் போட்டதாகவோ இருந்தால் எனக்கு எவ்வளவு நஷ்டம்? அதை நானே கண்டுபிடிக்கிற அளவுக்கு இந்த வகைக் காசை எனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், விற்பவர் தன் பெயரைப் போட்டு எழுதிக்கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறாரா? நஷ்டம் சிறியது என்றால் உதிரியாக வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். நஷ்டம் பெரியது, ஆனால் எனக்கு அந்தக் காசு அத்துப்படி அல்லது விற்பவர் நின்று பதில் சொல்வார் என்றால், அப்போதும் உதிரியாக வாங்கலாம். நஷ்டமும் பெரியது, எனக்கும் தெரியாது, விற்பவரும் "பார்த்து எடுத்துக்கங்க, திருப்பி வாங்க மாட்டேன்" என்கிறார் என்றால் அந்த இடத்தில் ஸ்லாப் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

புதியவர் என்கிறீர்கள், அதனால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். விலை குறைந்த உதிரிக் காசுகளைக் கொஞ்சம் வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள், கூடவே ஒன்றிரண்டு ஸ்லாப் காசும் வாங்குங்கள். ஸ்லாபில் இருப்பதைப் பார்த்து, உதிரிக் காசின் நிலையை நீங்களே ஊகித்துப் பழகலாம். வெறும் ஸ்லாபையே வாங்கிக்கொண்டிருந்தால் லேபிளைப் படிக்கத்தான் வரும். காசைப் படிக்க வராது.

கேள்வி: 1909-எஸ் வி.டி.பி. லிங்கன் சென்ட் ஒன்று உதிரியாக விலைக்கு வருகிறது. பழைய சேகரிப்பிலிருந்து வந்ததாம், கிரேடிங்குக்கு அனுப்பவே இல்லையாம். சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைவு. விட மனசில்லை.

பதில்: விட்டுவிடுங்கள், அல்லது நான் கடைசியில் சொல்கிற நிபந்தனைக்கு அவர் ஒத்துக்கொண்டால் மட்டும் வாங்குங்கள்.

ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது இந்த ஒரு காசோடு முடிகிற கதை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டு அடித்த வி.டி.பி. சென்ட் (காசை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் பெயர்ச் சுருக்கம் அது) 484,000 மட்டுமே. அதே ஆண்டு, அதே வி.டி.பி. எழுத்தோடு, பிலடெல்பியாவில் அடித்தது கிட்டத்தட்ட 2 கோடியே 80 லட்சம். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஆண்டுக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன 'எஸ்' எழுத்து, அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் மின்ட் மார்க், அவ்வளவுதான். ஆக, மலிவான அசல் காசு ஒன்றை எடுத்து அந்த 'எஸ்'-ஐ ஒட்டவைத்தால் போதும், விலை பல மடங்கு ஏறிவிடும். உலோகம் அசல், எடை அசல், தேய்மானம் அசல், ஆண்டும் அசல். எடைத் தராசு இங்கே ஒன்றும் செய்யாது.

அசல் 'எஸ்' எப்படி இருக்கும் என்று ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்துக்கு நான்கு அச்சுகளே பயன்பட்டன, அதனால் 'எஸ்' நான்கு குறிப்பிட்ட இடங்களில்தான் இருக்க முடியும். எழுத்தின் இரு முனைகளும் நேராக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். மேல் வளைவுக்குள் மிகச் சின்னதாக ஒரு மேடான புள்ளி தெரியும், காசு ரொம்பத் தேய்ந்திருந்தால் அது மறைந்திருக்கலாம். பத்து மடங்கு லென்ஸை வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விழவிட்டு, எழுத்தின் அடிப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள். அச்சில் பிறந்த எழுத்து காசின் தரையிலிருந்தே (எழுத்தும் உருவமும் இல்லாத சமதளம்) எழும்பி நிற்கும். ஒட்டவைத்த எழுத்தின் அடியில் கோடு போல ஓர் இணைப்பு, அல்லது பசையோ உலோகப் பற்றோ, அல்லது சுற்றிலும் நிறம் மாறிய வட்டம் தெரியும். இதெல்லாம் கூடத் தேர்ந்த கைவேலையில் தெரியாமல் போகும். விளிம்பில் துளையிட்டு உள்ளே கருவியை விட்டு, உள்ளிருந்து நெம்பி எழுத்தை எழுப்பி, துளையை மூடிவிடுகிற வேலையும் நடந்திருக்கிறது. அப்படிச் செய்த எழுத்துக்கு ஒட்டின தடமே இருக்காது.

இதே வகையில் 1916-டி மெர்க்குரி டைம் (அமெரிக்க 10 சென்ட் காசு, 'டி' என்றால் டென்வர் நாணயச்சாலை, 264,000 மட்டுமே அடிக்கப்பட்டது), 1893-எஸ் மார்கன் டாலர் (1,00,000) எல்லாம் பேர்போனவை. 1914-டி சென்ட் கதை இன்னும் சுவாரசியம்: 1944-டி காசில் முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்கிவிடுவார்கள். பிடிப்பது சுலபம். 9-க்கும் 1-க்கும் நடுவே இடைவெளி அகலமாகிவிடும், அதோடு லிங்கனின் தோளுக்குக் கீழே வி.டி.பி. என்ற எழுத்து இருக்கும். அந்த எழுத்து தோளுக்கு வந்ததே 1918-ல்தான், அசல் 1914 காசில் அது இருக்கவே முடியாது.

சரி, விற்பவர் பக்கம் வருவோம். இந்த மாதிரிக் காசுக்கு கிரேடிங் செலவு அதன் விலையில் சிறு பகுதிதான். சான்று கிடைத்தால் அவருக்கே கூடுதல் விலை, உடனே விற்கவும் செய்யலாம். அப்படியிருக்க ஏன் அனுப்பாமல் குறைந்த விலைக்குத் தருகிறார்? உண்மையிலேயே விவரம் தெரியாதவராக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு முறை அனுப்பி, 'மின்ட் மார்க் சேர்க்கப்பட்டது' என்று திரும்பி வந்த காசாகவும் இருக்கலாம். இப்படி ஒரு காசு சான்றில்லாமல் சுற்றுவதே ஒரு தகவல். அதை அலட்சியம் செய்யக் கூடாது.

நான் சொன்ன நிபந்தனை இதுதான்: கிரேடிங்குக்கு அனுப்பி அசல் என்று வந்தால் விற்பனை உறுதி, இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தர வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். நேர்மையானவர் ஒத்துக்கொள்வார். இன்னொருவர் வந்துவிடுவார், இன்றைக்கே முடிக்கணும் என்று அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: தராசு, காந்தம், லென்ஸ் மூன்றும் வாங்கிவிட்டேன். இவை போதாதா? எதற்கு வெளியே பணம் கொடுத்து சான்று?

பதில்: நல்ல முதலீடு, ஒவ்வொரு சேகரிப்பாளரிடமும் இருக்க வேண்டியவை. 0.01 கிராம் காட்டுகிற தராசும், விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பரும் இருந்தால் மோசமான போலிகளில் பெரும்பாலானவை முதல் நிமிடத்திலேயே விழுந்துவிடும். மார்கன் டாலர் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22.05 மில்லிமீட்டர். தேய்ந்த காசு இதைவிடக் கொஞ்சம் குறையலாம், ஆனால் கூடாது. 1943-ம் ஆண்டுச் செம்பு சென்ட் என்று யாராவது நீட்டினால் முதலில் காந்தம். அந்த ஆண்டு வழக்கமாக அடித்தது துத்தநாகம் பூசிய எஃகுக் காசு, அதற்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவார்கள், காந்தம் பிடித்துவிடும். ஒட்டவில்லை என்பதற்காக அசல் என்றும் நம்பிவிடாதீர்கள், 1948 காசின் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியதாகவும் இருக்கலாம்.

ஒப்படர்த்திச் சோதனையையும் (உலோகம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று பார்ப்பது) பழகிக்கொள்ளுங்கள், செலவே இல்லை. முதலில் காசின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைச் சுழியாக்குங்கள், காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், அடியையோ சுவரையோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டுகிற எண்ணால் முதல் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். மார்கன் டாலர் என்றால் தண்ணீரில் 2.59 அளவில் காட்ட வேண்டும், வகுத்தால் 10.3 வரும், 90 சதவீத வெள்ளிக்கு அதுதான் சரி. காசின் மேல் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், அதைத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். காசை ஈரத்தோடு துடைக்கக் கூடாது, தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றியெடுத்து உலரவிடுங்கள். புழங்காத பளபளப்பான காசுக்கு இந்தச் சோதனையே வேண்டாம், தண்ணீர்க் கறை விழுந்தால் நஷ்டம் உங்களுக்கு.

இவையெல்லாம் எங்கே தோற்கும் என்பதுதான் முக்கியம். 1950, 60-களில் லெபனானில் போலி சவரன்களை ஏராளமாக அடித்தார்கள், பலவற்றில் தங்கம் கிட்டத்தட்டச் சரியான அளவிலேயே இருந்தது. தங்கத்தின் மதிப்புக்கு மட்டும் வாங்கினால் பெரிய இழப்பு இல்லை, அரிய ஆண்டு என்று கூட்டிக் கொடுத்து வாங்கினால் அந்தக் கூடுதல் முழுவதும் போச்சு. சுத்தத் தங்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, டங்ஸ்டனின் ஒப்படர்த்தி 19.25, தங்கத்துக்கு 19.3, தண்ணீர்ச் சோதனை இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அசல் காசிலிருந்தே அச்சு எடுத்து, சரியான உலோகத்தில், சரியான எடையில் அடிக்கிற போலிகள் வேறு. அவற்றைப் பிடிக்க முக்கிய வழி, அசல் காசில் விழுந்திருந்த கீறலும் பள்ளமும் எல்லாப் போலியிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது. ஒரு காசை மட்டும் கையில் வைத்திருக்கிற நமக்கு அது தெரியவே தெரியாது. ஆயிரக்கணக்கில் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சான்றுக்குப் பணம் கொடுப்பதில் உள்ள நியாயம் அதுதான்.

உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலிகளுக்கு லென்ஸ் போதும். தரையில் குமிழ் வெடித்த குழிகள், எழுத்தின் ஓரங்கள் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருப்பது, விளிம்பைச் சுற்றி அச்சுக்கூடு சேர்ந்த கோடு. வாங்குகிற ஒவ்வொரு காசின் விளிம்பையும் பாருங்கள், பலர் அதை மட்டும் பார்ப்பதே இல்லை.

கேள்வி: ஸ்லாபில்தான் இருக்கிறது, ஆனால் எண்ணுக்குப் பதிலாக 'சுத்தம் செய்யப்பட்டது' என்று லேபிளில் போட்டிருக்கிறது. விலை குறைவு. வாங்கலாமா?

பதில்: விலை போதிய அளவு குறைந்திருந்தால், காசு உங்கள் கண்ணுக்குப் பிடித்திருந்தால், தாராளமாக. காசு அசல், ஆனால் தேய்த்தோ பாலிஷ் போட்டோ சுரண்டியோ ஏதோ செய்திருக்கிறார்கள், அதனால் முழு எண் தர முடியாது என்று அர்த்தம். எட்டாத விலையில் இருக்கிற அரிய காசை அடைய இது நல்ல வழி, போலி பயமும் இல்லை. விற்கும்போது வாங்குகிறவரும் இதே தள்ளுபடியைக் கேட்பார் என்பதை மட்டும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காசில் இந்த லேபிள் இருந்தால் வேண்டாம், குறையில்லாத இன்னொன்று கிடைக்கும்.

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலை. இப்படி லேபிள் வாங்கின காசுகளில் பலவற்றை உடைத்து வெளியே எடுத்து, உதிரியாக, 'புழங்காத காசு' என்று விற்கிறார்கள். உதிரிக் காசு வாங்குகிறவர் அதிகம் அடிபடுவது போலியில் அல்ல, இங்கேதான் என்பது என் எண்ணம். அதனால் ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தொடப்படாத காசில் வெளிச்சம் ஆரங்களாகப் பிரிந்து சக்கரம் போலச் சுழலும். தேய்த்த காசில் அந்தச் சுழற்சி செத்துப்போய், ஒரே திசையில் ஓடுகிற மயிரிழைக் கீறல்கள் மின்னும். பழைய வெள்ளிக் காசு எழுத்தின் இடுக்குகளில் கருத்தும் தரையில் மட்டும் பளிச்சென்றும் இருந்தால் சந்தேகப்படுங்கள். புகைப்படத்தில் இதெல்லாம் சுலபமாக மறைந்துவிடும், ஆகவே படத்தை மட்டும் பார்த்து உதிரியாக 'புழங்காத' காசு வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், திருப்பித் தரும் உரிமை இருந்தால் ஒழிய.

கேள்வி: இந்த ஆண்டு வெளியான வெள்ளிக் காசு, 70-க்கு 70, 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' லேபிள். சாதாரணக் காசைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள்.

பதில்: வெள்ளிதான் வேண்டும் என்றால் உதிரியாக, நம்பகமான இடத்தில் வாங்குங்கள். 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' என்றதும் புது அச்சில் முதன்முதலாக அடித்த காசு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. நாணயச்சாலை வெளியிட்ட முதல் 30 நாளுக்குள் கிரேடிங் நிறுவனத்துக்கோ அது ஏற்கும் கிடங்குக்கோ வந்து சேர்ந்தது என்றுதான் அர்த்தம். அந்தக் காசு அச்சின் ஆயுளில் கடைசியாக அடித்ததாகவும் இருக்கலாம். இன்றைய இயந்திரங்களில் 69, 70 வாங்குவது அரிதும் அல்ல, பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. லேபிளுக்கு ஆசைப்படுகிறவர் இன்னொருவர் கிடைக்கும் வரைதான் அந்தக் கூடுதல் விலை நிற்கும்.

கேள்வி: ஸ்லாபே போலியாக வருகிறதாமே? அப்புறம் எதை நம்புவது?

பதில்: வருகிறது, உண்மை. 2008 முதலே பெரிய நிறுவனங்கள் இதைப் பற்றி எச்சரித்துவருகின்றன. பெட்டி, லேபிள், ஹாலோகிராம் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுகிறார்கள்.

சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடினால் விவரம் வரும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டு பொருந்துகிறது, எண் பொருந்துகிறது, சரி என்று. ஆனால் போலி செய்கிறவர் அசல் காசு ஒன்றின் எண்ணைத்தானே லேபிளில் அச்சடித்திருப்பார், பொருந்தாமல் எப்படி இருக்கும்? நீங்கள் பார்க்க வேண்டியது அங்கே இருக்கிற படத்தை. பல காசுகளுக்கு நிறுவனமே எடுத்த படம் பதிவில் இருக்கும். கன்னத்தில் உள்ள கீறல், ஓரத்தில் உள்ள கறை, டோனிங் (நாளாவட்டத்தில் காசின் மேல் ஏறும் நிறம்) பரவியிருக்கிற விதம் இவற்றை உங்கள் கையில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். படம் இல்லாத பழைய ஸ்லாப் என்றால், அதே எண்ணுள்ள காசு முன்பு ஏலத்தில் போயிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரிய ஏல நிறுவனங்கள் பழைய படங்களை நீக்குவதில்லை.

இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. யாரும் கேள்விப்படாத பெயரில், தானே அச்சடித்த லேபிளோடு, தன் காசைத் தானே அடைத்து, எல்லாவற்றுக்கும் தாராளமாக உயர்ந்த எண் போட்டு விற்கிற ஸ்லாப்கள். சட்டப்படி அது போலி ஸ்லாப் இல்லை, ஆனால் அந்த எண்ணுக்கு மதிப்பும் இல்லை. அப்படிப்பட்ட காசை உதிரிக் காசாகவே நினைத்து விலை பேசுங்கள்.

கேள்வி: 64 என்று போட்ட காசும் 65 என்று போட்ட காசும் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது. விலை மட்டும் எங்கேயோ இருக்கிறது. 65-ஐ வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?

பதில்: இல்லை, 64-களில் நல்லதைத் தேடி வாங்குவதுதான். எண் என்பது இரண்டு மூன்று பேர் சில நொடிகள் பார்த்துச் சொன்ன தேர்ந்த கருத்து. அதே காசை மறுபடி அனுப்பினால் வேறு எண் வருவது உண்டு, அதை நம்பியே உடைத்து உடைத்துத் திரும்ப அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அனுப்பியதில் ஒரே காசு பல முறை கணக்கில் ஏறிவிடுவதால், 'இந்த நிலையில் இத்தனை காசுதான் உள்ளன' என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரே எண்ணுக்குள்ளும் மேல், கீழ் உண்டு என்பதால்தான் 2007-ல் சி.ஏ.சி. என்ற நிறுவனம் வந்தது. ஏற்கெனவே ஸ்லாபில் உள்ள காசைப் பார்த்து, அந்த எண்ணுக்கு இது உறுதியாகத் தகுதியானது என்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அடுத்த எண்ணுக்கே தகுதி என்றால் தங்க நிறம். ஓர் எண் கூடினால் விலை தாவுகிற காசுகளில் இது உதவும். மற்றவற்றில் உங்கள் கண் போதும். இரண்டு காசையும் பார்த்து வித்தியாசம் தெரியவில்லை என்றால், தெரியாத ஒன்றுக்கு ஏன் பணம் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: ரோமானிய, கிரேக்கக் காசுகளில் ஆர்வம் வந்திருக்கிறது. ஸ்லாபில் உள்ளதை மட்டும் வாங்கினால் பாதுகாப்புதானே?

பதில்: நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. என்.ஜி.சி. பழங்காலக் காசுகளையும் ஆராய்ந்து அடைத்துத் தருகிறது, அசல் என்று தான் நம்புவதை மட்டுமே அடைக்கிறது, அவர்கள் பார்வை தேர்ந்த பார்வைதான். ஆனால் பழங்காலக் காசுக்கு உத்தரவாதம் எந்த அளவுக்கு உண்டு என்பதை அவர்களுடைய நிபந்தனையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கைவேலையாக அடித்த காசுகள், அச்சுகள் எண்ணற்றவை, போலிகளும் நூற்றாண்டுக் கணக்கில் பழையவை. கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்ற ஜெர்மானியர் கையாலேயே அச்சு வெட்டி அடித்த போலிகளை இன்றைக்கும் தனிச் சேகரிப்பாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்த கள்ளக் காசுகள் வேறு உண்டு.

அதனால் இந்தத் துறையில் பெட்டியைவிட ஆளின் உத்தரவாதம்தான் முக்கியம். ஐரோப்பாவில் பழங்காலக் காசுகள் பெரும்பாலும் உதிரியாகவே கைமாறுகின்றன. அசல் இல்லை என்று எப்போது நிரூபித்தாலும் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று எழுதிக்கொடுக்கிற டீலரிடம் வாங்குங்கள். 1951-ல் தொடங்கிய பன்னாட்டுத் தொழில்முறை நாணயவியலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் போன்றவர்களிடம் அந்த உறுதி கிடைக்கும். பழைய ஏலப் பட்டியலில் அதே காசின் படம் இருந்தால் எந்த லேபிளையும்விட அது பெரிய சான்று. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற காகிதங்களை வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள், களவு போன அல்லது சட்டவிரோதமாகத் தோண்டியெடுத்த பொருள் இல்லை என்பதற்கும் அவைதான் ஆதாரம்.

கையில் வைத்துப் பார்க்க முடிவது இங்கே உதிரிக் காசின் பெரிய வசதி. விளிம்பு, எடை, களிம்பு எல்லாம் நேராகத் தெரியும். வெண்கலக் காசில் தொட்டால் உதிர்கிற வெளிர்பச்சைத் தூள் புள்ளிகள் இருந்தால் அது காசை அரித்துக்கொண்டே போகிற நோய், மற்றக் காசுகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுப் பெரியவர் விட்டுப்போன காசுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், பெரும்பாலானவற்றின் மதிப்பைவிடச் செலவு அதிகமாகிவிடும். கட்டணம் மட்டும் இல்லை, போக வர அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் உண்டு. மொத்தச் செலவு, சான்றோடு அந்தக் காசு விற்கக்கூடிய விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அனுப்ப மாட்டேன். முதலில் நாடு, ஆண்டு, மின்ட் மார்க் வாரியாகப் பட்டியல் போடுங்கள், விலைப் பட்டியலோடு ஒப்பிட்டு மேலே நிற்கிற சிலவற்றைத் தனியே எடுங்கள், அவற்றை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அந்த ஆள் உங்களிடம் காசை வாங்க நினைக்கிறவராக இல்லாமல் இருந்தால் நல்லது.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: எதையும் கழுவாதீர்கள், புளி, எலுமிச்சை, பற்பசை, வெள்ளிப் பாலிஷ் எதுவும் படக் கூடாது. பழைய மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் இருந்து காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு படர்ந்திருந்தால் அது பி.வி.சி. வேலை. அந்த உறையிலிருந்து உடனே வெளியே எடுங்கள். சுத்தமான அசிட்டோனில் தேய்க்காமல் முக்கியெடுத்தால் அந்தப் பிசுபிசுப்பு போய்விடும், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். அதற்கு மேல் எந்த வைத்தியமும் வேண்டாம்.

கேள்வி: ஆல்பத்தில் ஒரே ஓர் இடம் காலி. கிடைத்த காசோ ஸ்லாபில் இருக்கிறது. உடைத்து எடுத்து ஆல்பத்தில் வைத்தால் தப்பா?

பதில்: உங்கள் காசு, உங்கள் ஆல்பம், தப்பே இல்லை. உடைத்த நொடியில் உத்தரவாதம் போய்விடும், அது மட்டும் தெரிந்து செய்யுங்கள். சாதாரணக் காசென்றால் உடைத்து வையுங்கள். மின்ட் மார்க் ஒன்றினால் மட்டுமே விலைபோகிற காசு, அல்லது 65-க்கு மேல் எண் வாங்கிய காசு என்றால் பெட்டியோடே தனியாக வைத்துவிட்டு, ஆல்பத்தில் அந்த இடத்துக்குத் தேய்ந்த காசு ஒன்றை வாங்கிப் போடுங்கள். செம்புக் காசை ஆல்பத்தின் அட்டை சீக்கிரமே நிறம் மாற்றிவிடும், சிவப்பு மாறாத செம்புக் காசை எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள். உடைப்பதானால் காசைத் துணியால் மூடி, பெட்டியின் விளிம்பை இடுக்கியால் நெரித்துத் திறங்கள், நடுவில் சுத்தியல் வேண்டாம். லேபிளைத் தூக்கிப் போடாமல் ஆல்பத்தின் பின்னட்டையில் செருகி வையுங்கள், பின்னால் விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.